நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை

எம்பெருமான் ஆஸ்தானத்தினின்றும் புறப்பட்டுத் திருவீதிகளில் எழுந்தருளும் உத்ஸவ காலங்களில், ஸேவார்த்திகளின் கண்களுக்குத் திருமேனி புலப்படுவதற்கு முன்னரே அவர்தம் செவிகளை வந்தடைவது நாதஸ்வரத்தின் ஒலியேயாகும். திவ்யப் பிரபந்த கோஷ்டி முன்னே செல்ல, வேத பாராயண கோஷ்டி பின்னே தொடர, அனைவருக்கும் முன்பாக மங்கள வாத்தியம் வழிகாட்டிச் செல்வது நம் திருக்கோயில்களின் நெடுநாள் வழக்கம். வீட்டினுள் அலுவலில் ஆழ்ந்திருப்போரும் அவ்வொலி கேட்டவுடன் எல்லாவற்றையும் விடுத்து வாசலுக்கு விரைவர். பெருமாள் எழுந்தருளுகின்றார் என்னும் செய்தியை முதலில் சொல்லும் பேறு அவ்வாத்தியத்திற்கே வாய்த்துள்ளது.

இத்துணை நெருங்கிப் பழகிய வாத்தியமாயினும், அதனை நாம் ஊன்றிக் கேட்பது அரிது. கூட்டத்தின் ஆரவாரத்தினிடையே அது ஒரு பின்னொலியாகக் கரைந்துவிடுகின்றது. வீதியில் ஒலித்த அந்நாதத்தை, உலகமே நின்று கேட்கும் நிலைக்கு உயர்த்திய மகாவித்வான் ஒருவர் சோழவளநாட்டில் வாழ்ந்தார். திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை என்னும் அப்பெரியாரின் வரலாற்றை இவ்வுத்ஸவ மலரின் வாயிலாக அன்பர்கள் அறிந்துகொள்வது பொருத்தமேயாகும்.

பிறப்பும் கல்வியும்

நாகப்பட்டினத்தை அடுத்துள்ள திருமருகல் என்னும் ஊரில் 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27-ஆம் நாள் குப்புசாமிப் பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் மகவாகப் பிறந்தார் இராஜரத்தினம். சௌரிராஜப் பெருமாள் எழுந்தருளியுள்ள திருக்கண்ணபுரம் திவ்யதேசம் அவ்வூருக்கு மிக அண்மையில் உள்ளது. அவருக்கு முதலில் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். இராஜரத்தினம் என்பது பின்னர் வழங்கலான பெயர். தாய்மாமனாகிய திருமருகல் நடேச பிள்ளை அந்நாளில் பெரும்புகழ் பெற்ற நாதஸ்வர வித்வான். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆஸ்தான வித்வானாக விளங்கியவர். அவரே இக்குழந்தையைத் தம் புத்திரனாக ஏற்றுக்கொண்டார். ஆயினும் நடேச பிள்ளை இளமையிலேயே காலஞ்சென்றமையால், அம்மேதையிடம் நேரில் அமர்ந்து கற்கும் பேறு சிறுவனுக்கு வாய்க்கவில்லை.

இளம் பருவத்தில் அவர் முதலிற் கற்றது வாய்ப்பாட்டாகும். பிடில் வாசிப்பில் இணையற்று விளங்கிய திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் இசை பயின்று, சிறுவயதிலேயே பாடவும் தொடங்கினார். அதன் பின்னரே அம்மாச்சத்திரம் கண்ணுசாமிப் பிள்ளை முதலான வித்வான்களிடம் நாதஸ்வரம் பயின்றார். முதலிற் குரல், பின்னர் குழல் என அமைந்த இவ்வரிசை அவர் வாழ்வில் மிக முக்கியமானது. பிற்காலத்தில் அவர் வாசிப்பைக் கேட்டோர், ஒரு மனிதக் குரலே அக்குழலினுள் அமர்ந்து பாடுவதாக உணர்ந்தனர் எனின், அதற்குரிய வித்து இங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

வாத்தியத்தின் அருமை

அவர் சாதித்ததன் அருமையை உணர, அவ்வாத்தியத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நாதஸ்வரத்தின் நீண்ட மர உடலுக்கு உலவு என்று பெயர். அது ஆச்சா மரத்தினால் கடையப்படுவது. பழைய வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் இருந்து, பல்லாண்டுகள் ஈரம் முற்றும் வற்றிய மரத்தையே ஆசாரிகள் விரும்பித் தேடுவர். கீழே விரிந்திருக்கும் பகுதி அணசு. மேலே செருகப்படும் சிறு உலோகக் குழாய் கெண்டை. அதன்மேல் பொருத்தி வாயில் வைத்து ஊதப்படுவது சீவாளி. காவிரிப் படுகையில் விளையும் நாணலைப் பதப்படுத்தி, அளவாக நறுக்கி, நூலால் கட்டி அதனைச் செய்வர். திருவாவடுதுறையே சீவாளி செய்வோர்க்குப் பெயர்பெற்ற ஊராகும். நாதஸ்வரத்தில் கயிற்றில் கோத்துத் தொங்கும் மாற்றுச் சீவாளிகளையும், அவற்றைச் சரிசெய்யும் தந்தக் குச்சியையும் அன்பர்கள் கண்டிருப்பர். அவை அலங்காரத்திற்காகத் தொங்குவன அல்ல. ஈரத்தாலும் வெப்பத்தாலும் நொடிக்கு நொடி இயல்பு மாறும் நாணலுக்கு உடனிருக்கும் மருந்துகளே அவை.

உலவின் மேற்புறத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. அடிப்பகுதியில் மேலும் ஐந்து துளைகள் உண்டு. ஏழு துளைகளைக் கொண்டு பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களையும் அவற்றின் நடுவே இழையும் கமகங்களையும் எழுப்ப வேண்டும். வீணையில் மெட்டுகள் உண்டு. இதில் அத்தகைய துணை எதுவும் இல்லை. துளையைப் பாதி மூடியும், உதட்டின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும், மூச்சின் வேகத்தை அளந்துமே ஸ்வரம் பிறக்கின்றது. மேல் ஸ்தாயிக்குச் செல்லும்போது விரல்கள் பெரும்பாலும் அவ்விடத்திலேயே இருக்க, மூச்சு மட்டும் ஓங்குகின்றது. நாவினால் தட்டி ஒலிக்கும் துத்துகாரம், விரல்களால் அசைக்கும் விரலடி ஆகியவற்றைப் பழகவே ஆண்டுகள் பல கழியும். இத்தனையும் கைவந்த பின்னரே இராகம் என்னும் பெருங்கடலில் இறங்க இயலும்.

பாரி நாயனமும் சுத்த மத்தியமமும்

முற்காலத்தில் பெரிதும் வழக்கில் இருந்தது திமிரி நாயனம் எனப்படும் குறுகிய வாத்தியமாகும். நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் கணீரென்று ஒலிக்கும் அது, ஒலிபெருக்கி இல்லாத நாளில் நான்கு வீதிகளுக்கும் கேட்க வேண்டிய தேவைக்கு ஏற்றதாக இருந்தது. ஆயினும் அமர்ந்து கேட்போர்க்கு அதன் கூர்மை சற்று மிகுதி. இராஜரத்தினம் பிள்ளை, நீண்ட உலவும் தாழ்ந்த சுருதியும் உடைய பாரி நாயனத்தை நாடினார். இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் அது கம்பீரமும் இனிமையும் கலந்து ஒலித்தது; ஆண் குரலோடு இயல்பாக ஒத்தும் நின்றது.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. பழைய வாத்தியங்களில் சுத்த மத்தியமம் தன் இடத்தில் இயல்பாகப் பேசாது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் ஒவ்வொரு முறையும் அதனைத் திருத்திப் பிடித்தாக வேண்டும். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களில் முதல் முப்பத்தாறும் சுத்த மத்தியமத்திற்கு உரியவை என்பதை நினைத்தால், இக்குறை எத்துணைப் பெரிது என்பது விளங்கும். இராஜரத்தினம் பிள்ளை இதனை விதி என்று விட்டுவிடவில்லை. கும்பகோணத்திற்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட நரசிங்கம்பேட்டையில் வாழ்ந்த ரங்கநாதன் ஆசாரி என்னும் தேர்ந்த கைவினைஞரோடு கலந்து, அளவுகளையும் துளைகளின் இடத்தையும் மாற்றி மாற்றிச் செய்வித்துப் பார்த்தார். ஒருவர் கடைந்து தருவார். மற்றவர் ஊதிப் பார்த்துக் குறை கூறுவார். மீண்டும் உளி பேசும். இவ்வாறு இருவர் செவியும் கையும் ஒன்றுபட்டதன் பயனாகவே, சுத்த மத்தியமம் பிசகின்றி ஒலிக்கும் பாரி நாயனம் உருவாயிற்று. இன்று நாம் திருக்கோயில்களில் கேட்கும் நாதஸ்வரங்கள் பெரும்பாலும் அவ்வழி வந்தவையே. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்திற்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. வித்வானின் பெயரைப் போற்றுமிடத்து, அவருக்கு அக்கருவியைச் செய்தளித்த ஆசாரியின் பெயரையும் சேர்த்துப் போற்றுதல் நம் கடமையாகும்.

தோடி என்றால் இராஜரத்தினம்

அவரது பெயருடன் இரண்டறக் கலந்துவிட்ட இராகம் தோடி. எட்டாவது மேளகர்த்தாவாகிய இது, ஒவ்வொரு ஸ்வரமும் அசைந்து அசைந்து ஒலிக்க வேண்டிய கமகப் பிரதானமான இராகமாகும். மெட்டில்லாத குழலில் இதனைக் கையாளுதல் பாறைமீது கோலமிடுவது போன்ற அரிய செயல். இராஜரத்தினம் பிள்ளையோ அதனைத் தமக்கு மிக உகந்த விளையாட்டிடமாகக் கொண்டார். இசைத்தட்டில் வெளிவந்த அவரது தோடி, அவர் ஊருக்கு ஒருபோதும் வாராத மக்களின் இல்லங்களிலும் ஒலித்தது.

அவரது இராக ஆலாபனையின் போக்கை ஒருவாறு இவ்விதம் கூறலாம். முதலில் கீழ் ஸ்தாயியில், பேசத் தொடங்கும் பெரியவரின் நிதானத்தோடு சிறு சிறு பிடிகளாக இராகத்தின் திருமுகத்தைக் காட்டுவார். பின்னர் ஒரு ஸ்வரத்தில் நின்று, அதனைச் சுற்றிச் சுற்றி வந்து, கேட்பவர் இனி இதில் சொல்ல ஒன்றும் இல்லை என்று எண்ணும் வேளையில் புதியதொரு வழியைத் திறப்பார். மேல் ஷட்ஜத்தை அடைந்ததும் நீண்ட கார்வையாக அதில் நிலைத்து நிற்பார். அங்கிருந்து மலையருவி இறங்குவது போன்று பிருகாக்கள் பொழியும். எத்துணை வேகத்திலும் ஒரு ஸ்வரமும் மற்றொன்றோடு குழம்பாது. எங்கே மூச்சு வாங்கினார் என்பதும் புலப்படாது. இவ்வாறு ஓர் இராகத்தையே மணிக்கணக்கில் விரிப்பது அவருக்கு இயல்பாயிருந்தது.

இந்த ஆற்றல் ஆகாயத்திலிருந்து வந்ததன்று. திருவீதி தந்த செல்வமாகும். புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி வாசித்துத் தொடங்குவதும், தளிகைக்கும் தேருக்கும் தீர்த்தத்திற்கும் வெவ்வேறு மல்லாரிகள் அமைந்திருப்பதும், காலையில் பூபாளமும் பள்ளியறைக்கு நீலாம்பரியும் என வேளைக்குரிய இராகங்களை வாசிப்பதும் கோயிலுக்குக் கோயில் சிறிது வேறுபட்டாலும் எங்கும் உள்ள மரபு. உத்ஸவமூர்த்தி வீதிகளை வலம்வந்து முடியும்வரை இராகம் நீளவேண்டும். சாஹித்யத்தின் துணையின்றி, நேரத்தைக் கற்பனையால் மட்டுமே நிரப்ப வேண்டிய அக்கட்டாயமே நாதஸ்வர வித்வான்களை இராக ஆலாபனையின் ஆசான்களாக்கியது. கச்சேரி மேடைப் பாடகர்களும் இதனை ஒப்புக்கொண்டு அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டனர். ஜி.என். பாலசுப்பிரமணியம் போன்ற மேதைகளின் பாட்டில் இராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு தோய்ந்திருந்ததை ரசிகர்கள் நன்கு அறிவர்.

அவருடன் தவில் வாசித்தோரும் பெருமக்களே. நீடாமங்கலம் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளையின் தவிலும் இவரது நாதஸ்வரமும் சேர்ந்த மேளத்தைக் கேட்க மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர். வாயில் காற்றைத் தேக்கி, இடையறாது ஒத்து ஊதி இரவு முழுதும் சுருதி காத்து நின்றவர்களின் தொண்டும், தாளமிட்டவர்களின் தொண்டும் இதில் அடங்கும். அவர்கள் பெயர்களை ஏடுகள் குறித்துவைக்கவில்லை.

கலைஞனுக்குரிய ஆசனம்

அந்நாளில் நாதஸ்வரக்காரர்களின் நிலை வருந்தத்தக்கதாக இருந்தது. செல்வர்களின் திருமணங்களில், மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசலிலோ ஓரத்திலோ நின்றவண்ணமே அவர்கள் வாசிக்க வேண்டியிருந்தது. அதே இராகத்தைப் பாடுகின்றவருக்கு மேடையும் ஜமக்காளமும் உண்டு, வாசிக்கின்றவருக்கு இல்லை. ஆண்டவன் திருமுன் மங்களம் எனப் போற்றப்பட்ட கலை, மனிதர் வாசலில் மதிப்பிழந்து நின்றது.

இராஜரத்தினம் பிள்ளை இதற்கு உடன்பட மறுத்தார். மேடை அமைத்து அமரச் செய்தாலன்றி வாசிப்பதில்லை என்று உறுதி கொண்டார். குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்துக்கொண்டார். நீண்ட கோட்டும் காலணியும் அணிந்து அரசர் போன்று வந்தார். இதனைச் செருக்கு என்று கூறினோர் பலர். கோபமும் பிடிவாதமும் அவரிடம் மிகுதியாக இருந்தன என்பதையும், அவரை ஒப்பந்தம் செய்தவர்கள் அவர் வந்து சேரும்வரை கலங்கியிருந்தனர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஈட்டிய பொருளைச் சேர்த்துவைக்கும் இயல்பும் அவரிடம் இல்லை. ஆயினும் அவர் கேட்ட ஆசனம் அவர் ஒருவருக்காக மட்டும் அன்று. அவருக்குப்பின் வந்த நாதஸ்வர, தவில் வித்வான்கள் அனைவரும் தலைநிமிர்ந்து மேடையேற அதுவே வழி திறந்தது. நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்னும் பட்டம் அவருக்குப் பொருந்தியது வாசிப்பால் மட்டுமல்ல, இந்நெஞ்சுரத்தாலும் ஆகும்.

வாய்ப்பாட்டுக் கச்சேரிகளும் அவர் செய்ததுண்டு. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 1940-இல் வெளிவந்த காளமேகம் திரைப்படத்தில் கவி காளமேகமாக அவரே நடித்தார். திருவரங்கம் பெரிய கோயில் மடைப்பள்ளியில் பணிபுரிந்தவர் என்று மரபு கூறும் அக்கவியின் வேடம் ஓர் இசைவாணருக்குக் கிடைத்தது சுவையான செய்தியாகும். ஆயினும் நடிப்பு அவருக்கு ஒரு சிறு திருப்பமே. குழலே அவர் வாழ்வு.

தேசம் விழித்த இரவு

அவரது வாழ்வின் பெருமைமிகு நாள்களுள் ஒன்று 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14. பாரதம் விடுதலை பெறவிருந்த அம்மாலையில், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் டில்லிக்குச் சென்ற குழுவினர் ஜவாஹர்லால் நேருவிடம் செங்கோல் ஒன்றை அளித்தனர். அக்குழுவில் இராஜரத்தினம் பிள்ளையும் இடம்பெற்று நாதஸ்வரம் வாசித்தார். காவிரிக் கரையில் விளைந்த நாணலின் ஒலி, யமுனைக் கரையில் ஒரு தேசத்தின் புதுநாளுக்கு மங்களம் கூறியது. மனிதர் வாசலில் நின்று வாசிக்க மறுத்தவரின் கலைக்குக் காலம் அளித்த மறுமொழி அதுவே எனலாம்.

சீடரும் மறைவும்

திருநெல்வேலிச் சீமையின் காருகுறிச்சியில் 1921-இல் பிறந்த அருணாசலம், இவரை அடைந்து உடனிருந்து வாசித்துச் சிறந்த சீடரானார். குருவின் கம்பீரத்தோடு தமக்கே உரிய மென்மையையும் சேர்த்த அவரது வாசிப்பை, 1962-இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை திரைப்படத்தின் வாயிலாக நாடு முழுதும் கேட்டது. அவரும் 1964-இல் நடுவயதிலேயே மறைந்தது இசையுலகின் பெருங்குறையாகும்.

இராஜரத்தினம் பிள்ளை 1956-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ஆம் நாள் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பொன்னும் பொருளும் அவர் விட்டுச் செல்லவில்லை. விட்டுச் சென்றவை மூன்று: சுத்த மத்தியமம் பேசும் ஒரு குழல், அமர்ந்து வாசிக்க ஓர் ஆசனம், காற்றில் இன்னும் அசையும் ஒரு தோடி.

ஸேவார்த்திகளுக்கு ஒரு விண்ணப்பம்

நாதஸ்வரம் பயிலப் பத்தாண்டுக் காலமேனும் உழைப்பு வேண்டும். கோயில்கள் பலவற்றில் பூஜை வேளைக்கு மின்சாரத்தால் இயங்கும் முரசும் மணியும் வந்துவிட்டன. அவை காலந்தவறாமல் ஒலிக்கும் என்பது உண்மையே. ஆயினும் நீலாம்பரி எது, பூபாளம் எது என்று அவை அறியா. எம்பெருமான் வீதியின் திருப்பத்தில் ஒரு கணம் நிற்கும்போது, தாமும் ஒரு ஸ்வரத்தில் நின்று காத்திருக்கவும் அறியா. அதனை அறிந்த கலைஞர் தொடர்ந்து வாழ்வதும் மறைவதும், கேட்கின்ற நம் செவியைப் பொறுத்தே உள்ளது.

ஆதலின் இவ்வுத்ஸவத்தில் பெருமாளை ஸேவிக்க வந்துள்ள அன்பர்கள், புறப்பாட்டின் முன்னே செல்லும் மேளத்திற்கு வழிவிட்டு, சிறிது நேரம் அதனருகே அமைதியாக நின்று கேட்டருளல் வேண்டும். மல்லாரி எங்கே முடிகின்றது, இராகம் எங்கே தொடங்குகின்றது, நாதஸ்வரம் விட்ட இடத்தைத் தவில் எவ்வாறு ஏற்கின்றது என்று கவனித்தாலே போதும். வாசிப்பு முடிந்ததும் அக்கலைஞரை நோக்கிக் கைகூப்பி ஒரு நல்ல சொல் கூறினால், இராஜரத்தினம் பிள்ளை கேட்ட ஆசனத்தை நாமும் இட்டவர்களாவோம். நாதமும் நாதனும் வேறல்லர் என்று உணர்ந்த பெரியோர் வழியில், செவிக்கும் திருவருள் வாய்க்கப் பெருமாளின் திருவடிகளைப் பணிவோமாக.